இருட்டில் எடுத்த நாற்பத்தொரு அபிப்பிராயங்கள்

பவானிபூர், கல்கத்தா
9-7-1978

சௌபாக்கியவதி வசுமதிக்கு அப்பா திருவேங்கடம் மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் மழையும் மின்வெட்டும் சௌக்கியம். அவ்விடம் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் பெருமாள் குறையில்லாமல் வைத்திருப்பார்.

உன் கடிதம் வந்தது. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது, அறுபத்துமூன்று வயதில் தனியாக உட்கார்ந்துகொண்டு அங்கே என்ன செய்கிறீர்கள், ஆவணிக்குள் மெட்ராஸுக்கு வந்து எங்களோடு இருங்கள், இல்லாவிட்டால் நானே வந்து மூட்டை கட்டுவேன் என்று மிரட்டியிருக்கிறாய். இது மூன்றாவது மிரட்டல். ‘தனியாக’ என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். அதற்குப் பதிலாகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நான் தனியாக இருக்கிறேனா என்று நீயே சொல்.

நம் தெரு கிளப்பில் ஒரு விண்வெளிப் படம் போட்டார்கள். இங்கிலீஷ் படம். டப்பாவில் பெயர் அழிந்துபோயிருந்தது. மத்தியானம் மூன்று மணி, வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலுக்கெல்லாம் கம்பளி மாட்டி, உள்ளே ஐம்பது பேர், வெளியே மழை, புழுக்கத்தைக் கேட்காதே. கதை என்னவென்றால், ஒரு மனிதன் ஆகாயத்தில் ஒரு நிலையத்தில் பதினோரு வருஷமாக ஒண்டியாக இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை அவன் பெண் பூமியிலிருந்து ரேடியோவில், அப்பா இறங்கி வாருங்கள் என்கிறாள். இவன் ஒவ்வொரு தடவையும், இங்கே எல்லாம் சௌக்கியம், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்கிறான். என்ன கௌரவம் பார். சாப்பிடும்போது எதிரில் இன்னொரு தட்டு வைத்துக்கொள்கிறான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, நானும்தான் உன் அம்மாவின் தட்டை எடுத்து வைக்கிறேன், புழங்காத பாத்திரம் வீணாகிவிடும் என்பதற்காக. கடைசியில் அந்தப் பெண் அழுதுகொண்டே கூப்பிடுகிறாள், இவன் பூமிக்கு இறக்கிவிடும் பிடியில் கை வைக்கிறான், அதைத் திருப்புகிறானா இல்லையா என்று ஐம்பது பேரும் மூச்சு விடாமல் பார்க்கிறோம், அந்த நிமிஷம் பார்த்து லோட்ஷெடிங்.

கரண்ட் வரவில்லை. எந்த நிமிஷமும் வந்துவிடும் என்று கம்பளியை எடுக்கவும் யாருக்கும் மனமில்லை. படப் பெட்டியை அன்று சாயங்காலமே திருப்பித் தர வேண்டுமாம். படம் முடிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும், அது துர்கா பூஜை மலரில் அச்சாக வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். காரியதரிசி நிர்மல் பாபு இருட்டிலேயே, “ஐயங்கார் மோஷாய், உங்க சுருக்கெழுத்து இல்லாம இது நடக்காது” என்று குரல் கொடுத்தார். ஐம்பது பேரில் என்னைத்தான் கூப்பிட்டார், அதைக் கவனி. முப்பத்தெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவனுக்கு வெளிச்சம் எதற்கு? கை எழுதும், காது கேட்கும், மனசு வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருக்கும். ஆள் முகம் தெரியாததால் பெயருக்குப் பதில் நம்பர் போட்டேன். நாற்பத்தொரு அபிப்பிராயம், ஒரு வார்த்தை சிந்தவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து விரித்து எழுதும்போதுதான் தெரிந்தது, ஒன்றும் அச்சுக்கு லாயக்கில்லை. நம்பர் போட்டிருந்தாலும் பேச்சிலேயே ஆள் தெரிந்தது. மீன்கார ஹாரன், “பதினோரு வருஷம் மீன் இல்லாம இருக்கறவன் எறங்கினா என்ன, எறங்காட்டா என்ன” என்றிருந்தான். ஹோமியோபதி டாக்டர் படத்தை விட்டுவிட்டு அந்த மனிதனுக்கு வேளைக்கு நாலு மாத்திரை சொல்லியிருந்தார். சின்ன வயதில் உனக்கு மீன் ஊட்டப் பார்த்தாளே, தெருவுக்கே அண்ணியான மேல்மாடி பௌதி, அவள், “சட்டை வெள்ளைவெளேர்னு இருக்கே, அங்க யார் தோய்க்கறா, இது பொய்ப் படம்” என்றிருந்தாள். ஆபீஸில் துரை உளறுவதைக் கடிதமாக்குவது நம் தொழில் அல்லவா, எல்லாவற்றையும் திருத்தினேன். ‘பசியன்று, ருசியின்மையே இம்மனிதனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை’ என்று ஹாரனுடையதை மாற்றினேன். இப்படியே மற்றதும்.

இன்று காலை கிளப்பில் நானே வங்காளத்தில் வாசித்தேன். முடிந்ததும் ஹாரன் எழுந்து, “அப்படியே நான் சொன்னது, ஒரு எழுத்து மாறலே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டரும் தன்னுடையது வார்த்தைக்கு வார்த்தை சரி என்றார். போதாக்குறைக்கு ஹாரன் சந்தோஷத்தில் இந்த ஐயங்காருக்கு இலையில் சுற்றி ஒரு ரோஹு மீன் தலை கொடுத்தான், அதைக் கையை நீட்டிப் பிடித்தபடி மேல்மாடிக்குக் கொண்டுபோய் பௌதியிடம் சேர்த்தேன். வசுமதி, இந்தத் தெருவில் முப்பது வருஷம் மதராஸி என்ற பெயரோடு இருந்தவன் நான். இன்று நாலு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு நிரம்பப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஆகையால் மூட்டை கட்ட நீ வர வேண்டாம். இங்கே எல்லாம் சௌக்கியம். மலர் வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உனக்குத் தீர்க்க சுமங்கலியாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கிளப் மலரின் ஸ்டெனோகிராபர்
அப்பா

பி.கு.: கடிதத்தை மடித்து ஒட்டப் போனவன், நோட்டைக் கடைசி தடவை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று நம்பர் போட்டு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. ‘அந்தப் பெண் கூப்பிட்ட முதல் வருஷமே அவன் இறங்கியிருக்கலாம். அங்கே அவன் பார்க்கிற இயந்திரம் ஒன்றும் இல்லை. பயம்தான்.’ திருத்த ஒரு வார்த்தை இல்லை. விட்டுப்போயிற்றே என்று குடையோடு ஓடினேன். நிர்மல் பாபு தன்னுடையதில்லை என்றார். டாக்டர் இல்லை என்றார். எதையும் தன்னுடையது என்கிற ஹாரன்கூடத் தலையை ஆட்டிவிட்டு மெதுவாகச் சொன்னான்: “ஐயங்கார் மோஷாய், அது நீங்க சொன்னது. இருட்டுல சத்தமாவே சொன்னீங்க. அதுக்கப்புறம் யாருக்கும் பேசத் தோணலே.”

ஆவணி வரை எதற்கு? அடுத்த வாரம் மெட்ராஸ் மெயிலில் கீழ் பெர்த் கிடைக்குமா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். தட்டு இரண்டையும் எடுத்து வருகிறேன்.