உரோமாபுரிக் கோயிலுக்குள் கட்டின ஆடு

சேசு மரி சூசை துணை

மயிலிட்டி, 1934 மாசி

கிழக்குத்துறைக் கோயில் மூப்பரும், என் ஒரே அக்காவின் புருஷரும், நான் எவ்வளவு பகிடி பண்ணினாலும் கடைசியில் மன்னிக்கிறவருமாகிய லியோன் அத்தான் அவர்களுக்கு மைத்துனன் சிமியோன் பணிவோடு எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே பிள்ளைகள் சுகம், வலை சுகம், ஆடும் சுகம். ஆட்டை ஏன் சொன்னேன் என்பது பின்னால் தெரியும். உங்கள் சுகத்தைக் கேட்கலாமென்றால் நத்தார்ப் பண்டிகை தொடக்கம் நீங்கள் என்னோடு கதைக்கிறதில்லை, ஆனபடியால் சுகமாய்த்தான் இருப்பீர்கள்.

கோபம் எதிலே தொடங்கினது என்று உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் கோயிலை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ரை மகன் கனிசியஸின்ரை கலியாணத்தைக் கோழிக்கூட்டுக்குள்ளை வைக்கேலாது, எங்கடை பெரிய கோயிலிலைதான் தாலி" என்றீர்கள். "பொம்பிளை வீட்டுக் கோயிலை விட்டிட்டு என்ன கலியாணம், வேணுமெண்டால் உங்கடை கோயிலை நீங்களே கட்டிக்கொள்ளுங்கோ" என்று நானும் சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான், கலியாணம் நின்றது. உயிர்த்த ஞாயிறு கழியத் தாலி என்று பேசினது, இன்னும் கோயிலிலே கலியாண ஓலை வாசிக்கவில்லை. என் மகள் இராசமலர் ஒருநாள் சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாள், மறுநாள் உப்பே போடுகிறாளில்லை. இப்படியே போனால் நான் கலியாணத்துக்கு முன்னமே மோட்சம் போய்ச் சேருவேன்.

இப்படி இருக்கையில், யாத்திரை போய் வந்த சுவாமியார் போன ஞாயிறு பிரசங்கத்தில் உரோமாபுரியின் அர்ச். இராயப்பர் கோயிலைப் பற்றிச் சொன்னார். உலகத்திலே அதுதான் பெரிய கோயிலாம். இலண்டன் கோயில் இதுவரைக்கும்தான், மிலான் பட்டணத்துக் கோயில் இதுவரைக்கும்தான் என்று அதன் நிலத்திலேயே பித்தளையால் அடையாளம் பதித்து வைத்திருக்கிறார்களாம். பார்த்தீர்களா அத்தான், அங்கேயும் யாரோ ஒரு லியோன் அத்தான் இருந்திருக்கிறார்! நீளம் அறுநூற்றுச் சொச்சம் என்று சுவாமியார் சொன்னார். அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் எழும்பி வெளியிலே வந்துவிட்டேன், கயிறு தேட.

கரைவலை போடாத காலந்தானே, கயிறெல்லாம் சும்மா கிடந்தது. எல்லாவற்றையும் முடிந்து, ஒரு தலைப்பை எங்கள் கோயில் வாசலிலே கட்டி, நானும் வலை இழுக்கிற பெடியங்களும் கையை விரித்து விரித்து அறுநூற்றுச் சொச்சம் பாகம் அளந்துகொண்டு கிழக்கே உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தோம். அருளம்பலத்தாரின் புகையிலைத் தோட்டத்துக்குள்ளே கயிறு போனது. மனுஷன் மண்வெட்டியோடு வந்தார்.

"சிமியோன், உதென்ன கயிறு?"

"அருளம்பலத்தார், நீங்கள் இப்ப உரோமாபுரிக் கோயிலுக்குள்ளை நிக்கிறியள்."

மனுஷன் மேலே வானத்தைப் பார்த்தார். "பெரிய கோயில்தான். ஆனால் கூரை போட்டிடாதை, புகையிலைக்கு வெயில் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தார். நல்ல சைவக்காரர், அன்றைக்குக் கோயில் வேலை செய்தார்.

அங்காலே இரத்தினம்மா கருவாடு காயவிட்டிருந்தாள். "கோயிலுக்குள்ளை கருவாடு காயலாமோ?" என்று கேட்டேன். "இராயப்பர் பேதுருவே மீன்பிடிகாரன்தானே, அவருக்கு மணம் பிடிக்கும், நீ தள்ளி நட" என்றாள். இராயப்பர் கோயிலைப் பற்றி அவளுக்கு என்னைவிடத் தெரிந்திருக்கிறது.

கயிறு முடிந்த இடம் எது தெரியுமா? உங்கள் வளவின் வேலி! நீங்கள் பட்டணம் போயிருந்தீர்கள். அக்கா ஓடிவந்து, "எடேய் தம்பி, வேலிக்கு வெளியிலை நிண்டு என்னடா செய்யிறாய்? அத்தான் கண்டால் கத்துவார், கெதியாய் உள்ளை வா" என்று இழுத்துக்கொண்டுபோய் எல்லாருக்கும் கூழ் வார்த்தாள். கயிற்றின் தலைப்பை உங்கள் வேலியிலேயே கட்டிவிட்டு, உங்கள் கோயிலையும் சுவரோரமாய் அளந்துகொண்டு திரும்பினோம்.

பிறகுதான் நான் உரோமாபுரி வேலையைச் செய்தேன். கயிற்றின் இந்தத் தலைப்பிலிருந்து எங்கள் கோயிலின் நீளத்தை அளந்து ஒரு தடி நட்டேன். உங்கள் கோயிலின் நீளத்தை அளந்து மற்றத் தடி நட்டேன். இரண்டு தடிக்கும் நடுவிலே, கட்டியிருந்த என் வெள்ளாடு படுத்திருந்தது. இடம் மட்டுமட்டு. வாலை அசைத்தால் உங்கள் தடியிலே முட்டுகிறது. அத்தான், உங்கள் பெரிய கோயிலுக்கும் எங்கள் கோழிக்கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் படுத்த ஆடு ஒன்று. அந்த ஆட்டுக்காகவா இரண்டு பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறோம்? வேண்டுமென்றால் ஆட்டையே சீதனத்தோடு சேர்த்துத் தருகிறேன்.

ஆனபடியால் என் தீர்ப்பு: உங்கள் ஊரும் எங்கள் ஊரும் இப்போது ஒரே கோயிலுக்குள்ளே. எங்கே தாலி கட்டினாலும் இராயப்பர் கோயிலிலே கட்டினதுதான். தாலி வாசல் பக்கத்தில், அதாவது எங்களிடம். பந்தி பீடத்துப் பக்கத்தில், அதாவது உங்கள் வளவில். இதில் தோற்றவர் ஒருவருமில்லை.

உங்கள் பாதங்களுக்கு என் தோத்திரம். அக்காவுக்கு அன்பு, மருமகனுக்கு ஆசீர்வாதம், உங்கள் கோபத்துக்கு நித்திய இளைப்பாற்றி.

இப்படிக்கு,
சிமியோன்

பின்குறிப்பு: மேலே எழுதினதெல்லாம் பிழை. இப்போதுதான் சுவாமியார் வந்து கயிற்றைப் பார்த்துத் தலையிலே கையை வைத்தார். "சிமியோன், நான் சொன்னது அடி. பாகம் இல்லை!" கடலிலே வளர்ந்தவனுக்கு அடி எங்கே தெரியும்? சரியாய் அளந்தால் உலகத்துப் பெரிய கோயில் அருளம்பலத்தாரின் புகையிலையோடு முடிகிறது. ஆகையால் அத்தான், நீங்கள் இன்னும் கோயிலுக்கு வெளியிலேதான் நிற்கிறீர்கள். உள்ளே வருவதென்றால் எங்கள் பக்கந்தான் வரவேண்டும். கயிறு திரும்பி வருமோ என்று நினைத்தேன், வந்தது. அந்தத் தலைப்பை அவிழ்த்துச் சுருட்டிச் சுருட்டிக்கொண்டு உங்கள் மகன் கனிசியஸ் எங்கள் வாசலிலே வந்து நிற்கிறான். சுவாமியார் ஓலை வாசிக்க நாள் கேட்கிறார். கயிறு தூக்க உதவி என்று சொல்லிக்கொண்டு அக்காவும் கூட வந்து, குசினிக்குள்ளே இராசமலரோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சொதிக்கு உப்பு அளவு. அங்கே உங்களுக்குச் சமைக்க ஆளில்லை, அத்தான். கோபத்தை வைத்திருங்கோ, சோற்றுக்கென்றாலும் வாருங்கோ.