லாரி நின்ற ஓட்டல்

மாதா துணை
நாமக்கல்

மதிப்பிற்குரிய ஜெபமலர் அத்தைக்கு, உங்கள் மருமகளாக வர இருந்த அக்சிலியா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் லாரியும் நலம். அங்கே மாமாவும் உங்கள் இடுப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதினால்தான் நிச்சயதார்த்தம் என்று சொன்னீர்களாம். உங்கள் மகன் ரூபன் போனில் சொன்னார். இது அந்தக் கடிதம் இல்லை.

உங்களைப் பார்க்கச் சென்னைக்கு வந்தேனே, அதுதான் எனக்கு முதல் தடவை. "எங்க சாப்பிடலாம், நீயே சொல்லும்மா" என்றது நீங்கள். ரூபன் போனில் எந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்ப்பதில்லை. லாரி பார்ப்போம். எந்த ஊரானாலும் வாசலில் லாரி நிற்கிற ஓட்டலில்தான் சாப்பாடு. குஜராத் வரை லாரி ஓட்டிய அப்பாவின் வயிறு ஒருநாளும் கெட்டதில்லை.

உங்கள் தெருக்களில் லாரியே இல்லை. பெரிய வண்டியைப் பகலில் உள்ளே விடமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெயிலில் நடந்தோம். ஒரு திருப்பத்தில், ஓட்டல் வாசலில் ஒன்று நின்றது. சின்ன லாரிதான். ஆனாலும் லாரி.

உட்கார்ந்தோம். இலை வந்தது. சுவர்க் கடிகாரம் ஓர் ஆள் கையில் வெளியே போனது. பிறகு கண்ணாடி போனது. "ஏம்மா, ஃபேனைக் கழட்டுறாங்களே?" என்றீர்கள். "தொடைக்கறதுக்குங்க அத்தை" என்றேன். நம்பித்தான் சொன்னேன். பக்கத்து மேசையும் போனது. அப்பளத்துக்காக நீங்கள் கொஞ்சம் எழுந்து கையை நீட்டினீர்கள், பின்னால் நின்ற ஆள் காலி நாற்காலி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனார், நீங்கள் நம்பிக்கையோடு உட்கார்ந்தீர்கள்.

அன்றோடு ஓட்டலை மூடுகிறார்களாம். லாரி சாமான் ஏற்ற வந்ததாம்.

விழுந்ததற்கு வருத்தம் உண்டு. லாரியைப் பார்த்துப் போனதற்கு இல்லை. ரசம் நன்றாக இருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே, "அந்த ரசத்த இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு" என்றது யார்? அந்த நிமிடம் உங்களை எனக்குப் பிடித்துப்போனது. ஆட்டோவில் ஏறியதும், "லாரிக்காரன் பொண்ணு வேற எதைப் பாக்கும்" என்றீர்கள். அது வரைக்கும்தான் பிடித்தது.

ஆமாங்க அத்தை. லாரிக்காரர் பொண்ணுதான். எம்.ஏ. வரை அந்த லாரிதான் படிக்க வைத்தது. அதற்கு மன்னிப்பு எழுத என்னிடம் காகிதம் இல்லை. நிச்சயதார்த்தம் நின்றால் நிற்கட்டும். ரூபனை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அது வேறு.

உங்கள் இடுப்புக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

மன்னிப்புக் கேட்காத,
அக்சிலியா

பின்குறிப்பு: அந்த லாரிக்காரரை அப்பா விசாரித்துப் பிடித்துவிட்டார். உங்கள் நாற்காலியை வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது அதே சின்ன லாரியில் வந்து சேரும். தாராளமாக உட்காருங்கள். இதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுத்து எழுத மாட்டேன். நானும் அதிலேயே வருகிறேன். உங்கள் வீட்டு வாசலில் லாரி நிற்கும். அதனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு அங்கேதான். ரசம் வையுங்கள்.