ரிஜெக்ட் அங்கிளும் என் கல்யாண ஓலையும்

உலகத்தில் இருக்கிற மனிதர்களை எல்லாம் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பூசணிக்காயையும் சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் சபையின் ரிஜெக்ட் அங்கிள்தான்.

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரும்பைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, விரிசல் இருந்தால் தூக்கிப் போடுவார். ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து அண்ணனூருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்து ஏலம் போகிற பூசணிக்காயைத் தட்டுவார். கிறிஸ்துமஸ் கேக்கைத் தட்டுவார். சபைக்குப் புதிதாக வாங்கிய கீபோர்டை வாசிக்கவே விடாமல் முதுகில் தட்டிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்றார். அடுத்த வாரமே அது ஊமையாகிவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களைத் தட்ட முடியாதே! அதனால் பின்தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்டையில எல்லாவனும் விசுவாசிதாம்ல. திங்கக்கெழம எவன்கூட நிக்கான்னு பாக்கணும்." திருநெல்வேலிக்காரரான அவருக்கு இதுதான் வேதாந்தம். சகவாசம் ஒட்டிக்கொள்ளும், முதலில் பேச்சில் ஒட்டும், அப்புறம் புத்தியில் ஒட்டும் என்பார். மெட்ராஸ் பாஷை காதில் விழுந்தாலே விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகம் போகும். பாடகர் குழு அண்ணன் ஒருவர் மீன் கடையில் போட்ட சண்டையைப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு அந்த அண்ணன் பொறுமையைப் பற்றித் தனிப்பாடல் பாடியபோது கடைசிவரை இருமிக்கொண்டே இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் வருங்கால மாமனார் கரையான்சாவடியிலிருந்து போன் போட்டு, பையனைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்தால் கல்யாணம் வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஜெனிபரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது, அதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆயர் இருவர் பெயரையும் படித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். யாரும் எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. முதல் ஓலை வாசித்த மறுநாள் காலை, நான் டீ குடிக்கிற ஸ்டேஷன் ரோடு கடைக்கு எதிரே ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றார். ரிஜெக்ட் அங்கிள்தான். அவரிடம் வண்டியே கிடையாது.

என் சகவாசம் என்றால் சலீம்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் சுத்தமான மெட்ராஸ். அன்றைக்கு என் மேனேஜர் போனில் கூப்பிட, டீ கிளாஸும் கையுமாக, அம்பத்தூர் தாண்டிவிட்டேன் சார் என்றேன். சலீம் போனைப் பிடுங்கினான்.

"சார், இவுரு இங்கதான் டீ குட்சினு கீறாரு. இன்னும் ரயிலே ஏறல. நான் அனுப்பி வெக்கிறேன்."

அவனுக்கு இதே வேலை. அவனுக்குப் பயந்தே நான் போனில் பொய் சொல்வதைக் குறைத்துக்கொண்டு வந்தேன். எதிரே ஹெல்மெட் அப்படியே நின்றது. போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஹெல்மெட் இல்லை. அங்கிள் சலீமின் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். அதன்பின் தினமும். சென்னீர்குப்பம் வரை போவார், இறங்காமல் அதே ஆட்டோவில் திரும்பி வருவார்.

"யார்பா அந்தப் பெருசு?" என்று சலீம் என்னிடம் கேட்டான். "எங்க எறங்கணும்னே சொல்ல மாட்றாரு. என்னையே மொறச்சினு கீறாரு."

மூன்றாவது ஞாயிறு மாமனார் ஜெனிபரோடு நேரிலேயே வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆயர் பெயர்களைப் படித்தார். ஆட்சேபணை உண்டா என்றார். பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ரிஜெக்ட் அங்கிள் எழுந்து நின்றார். ஜெனிபர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், நான் எத்தனை கொலை செய்திருப்பேன் என்கிற கணக்கு ஓடியது.

அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"ஆட்சேபண இன்னா கீது ஐயா?"

சபையே உறைந்துவிட்டது. அவரும்தான். யாரோ தன் வாய்க்குள் புகுந்து பேசிவிட்ட மாதிரி உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பி வந்தார்.

"பொய் சொல்லாதலன்னு சின்னப் புள்ளையிலேருந்து நாமளுந்தான் இவனுக்குச் சொல்லிக் குடுத்தோம். கேட்டானா? அந்த ஆட்டோக்காரத் தம்பி டீக்கடையில வச்சு நிமித்திட்டான். சகவாசம் ஒட்டும்னு சொன்னேன்லா, ஒட்டத்தான் செய்யுது. பையன் பாஸ்."

மாமனார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கல்யாணத்தன்று சலீமைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தவர் அங்கிள்தான். அதற்கு முன் வாசலில் நின்ற ஆட்டோவைத் தட்டிப் பார்த்து, இது மட்டும் ரிஜெக்ட் என்று அவனிடம் சொன்னாராம்.

இப்போதும் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். சோபாவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார், காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். இந்த வாரம் யாரோடு சுற்றினேன் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி கேட்பார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில், எனக்கு என் மேலேயே லேசாகச் சந்தேகம் வந்துவிடுகிறது.