மாப்பிள்ளை வைத்த இடது கால்

வாயால் சொன்ன பொய்யை மறுநாள் வேறு மாதிரி மாற்றிச் சொல்லிவிடலாம். என் வாழ்க்கையின் பெரிய பொய்யை நான் மரத்தால் சொன்னேன். பூவரச மரம். மாற்றிச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயதில் பாரவண்டிச் சக்கரம் ஒன்று இடது காலின் மேல் ஏறி இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். அதோடு பள்ளிக்கூடம் போனேன், கிணற்றில் நீந்தினேன் (கோலைக் கரையில் வைத்துவிட்டுத்தான்), வளர்ந்தபின் ஒரு சென்னைப் பத்திரிகைக்கு விழுப்புரம் நிருபரானேன். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு ஏரி உடைந்தபோது கரை நெடுகக் கோலூன்றி நடந்து, உடைப்பை அளந்து, முப்பத்தெட்டு கஜம் என்று தந்தி கொடுத்தேன். ஊரில் எனக்குப் பேர் ‘பேப்பர்காரரு’. என் காலைப் பற்றிக் கவலைப்பட்டவன் விழுப்புரத்தில் ஒரே ஒருவன்தான். அவனுக்கு வயது இருபத்தாறு, கல்யாண ஆசை வேறு வந்திருந்தது.

யுத்தத்துக்கு முந்தின காலம் அது. அக்கா வீட்டுக்காரர் சின்னப்பன் மாமா, திண்டிவனத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பெயர் மதலேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அப்பா சவரிராயன், தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். முந்தின வருஷத் திருவிழாவில், கஞ்சி வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு தடியனை அவள் வெறும் விரலைக் காட்டியே கடைசிக்கு அனுப்பியதைப் பார்த்திருந்தேன். தடியன் போனான். அன்றைக்கே நானும் போய்விட்டேன்.

“காலைப் பத்திச் சொல்லிட்டீங்களா மாமா?”

“அவங்க கேக்கல, நான் சொல்லல.”

“கேக்காதபடி நான் பார்த்துக்கறேன்.”

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டு யோசனைகளுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதை அவர் விட்டுவிட்டிருந்தார்.

வண்டிச் சக்கரம் செய்கிற கன்னியப்ப ஆசாரியிடம் கால் செய்யச் சொன்னேன். (கால் போனது சக்கரத்தால், கணக்கு நேராகட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.) பூவரசங்கட்டையைக் கடைந்து, மேலே தோல்வார் வைத்து, அடியில் நான் வாங்கிக் கொடுத்த இடது பூட்ஸை மாட்டி, உள்ளங்காலிலிருந்து பதினோரு ஆணி அடித்துக் கொடுத்தார்.

“இது கழலவே கழலாதா ஆசாரி?”

“சார், நீங்க கழண்டாலும் பூட்ஸு கழலாது.”

ஒரு மாதம் பயிற்சி. நோட்டுப் புத்தகத்தில் தலைப்பு போட்டு எழுதிவைத்துச் செய்தேன்: படி ஏறுதல், இறங்குதல், நாற்காலியில் உட்காருதல், பெரியவர்கள் வந்தால் எழுந்திருத்தல், ஜட்கா வண்டியிலிருந்து குதித்தல். ஜங்ஷன் மேம்பாலத்தில் தினம் மூன்று தடவை ஏறி இறங்கினேன். கடைசி வாரத்தில் லேசான சாய்வு மட்டும்தான் மிச்சம். ஒன்றையும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டு, கோலை வீட்டில் விட்டுவிட்டு, மாமாவோடு பெண் பார்க்கப் பாசஞ்சர் வண்டி ஏறினேன்.

திண்டிவனத்தில் ஜட்காவிலிருந்து இறங்கினேன். நேர்த்தி. மூன்று படி. அதுவும் நேர்த்தி. வாசலில் சவரிராயன், அவருடைய அக்கா, சொந்தக்காரர்கள் என்று ஏழு பேர் நின்றிருந்தார்கள். “வாங்க, வாங்க” என்றார்கள். மாமா “வர்றோம்” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டார்.

செருப்பைக் கழற்றி விட்டார். உலகத்தில் எல்லாரும் வீட்டுக்குள் நுழையும்போது செய்கிற காரியம். ஒரு மாதம் நோட்டுப் போட்டுப் பழகியவனுக்கு அதுமட்டும் தோன்றவில்லை.

வலது பூட்ஸைக் கழற்றினேன். நிதானமாக, நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்துக் கழற்றினேன். பிறகு வானத்தைப் பார்த்தேன்.

“இன்னொண்ணு?” என்றார் பெண்ணின் அத்தை.

“அது இருக்கட்டுங்க,” என்றேன்.

“நேத்து ராத்திரி வரைக்கும் கொத்தனாரு வரல தம்பி,” என்று சவரிராயன் குறுக்கிட்டார். அவர் கவலை வேறு. “இன்னிக்குக் காலையிலதான் கூடத்துக்குச் செவப்பு சிமெண்டு பூசினாரு. இன்னும் ஈரம். பலகை போட்டிருக்கேன், அது மேலயே வாங்க. வெறுங்காலோட வந்தா நல்லது.”

எல்லோரும் என் பூட்ஸைப் பார்த்தார்கள். அப்போதுதான் மாமா என்னைக் காப்பாற்ற முடிவுசெய்தார்.

“மச்சான் மாதாவுக்கு வேண்டிக்கினு ஒரு நேர்ச்சை வச்சிருக்காருங்க. கல்யாணம் முடியற வரைக்கும் எடது பூட்ஸைக் கழட்டறதில்ல.”

அத்தை யோசித்தார். “எந்த மாதா அய்யா அப்படிக் கேட்டாங்க?”

மாமா பதில் தேடுவதற்குள் நான் பலகையில் ஏறிவிட்டேன். மூன்றடி நடந்தேன். நாலாவது அடியில் பதினோரு ஆணியும் பலகையில் வழுக்கின. இடது கால் கீழே இறங்கியது. ஈரச் சிமெண்டு அதை அன்போடு வாங்கிக்கொண்டது. நான் இழுத்தேன். அது விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். தோல்வார் விட்டுக்கொடுத்தது.

நான் பலகைமேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு முழம் தள்ளி, கூடத்தின் நடுவில், பாலிஷ் போட்ட பூட்ஸோடு என் கால் தனியாக நின்றுகொண்டிருந்தது. நானில்லாமல் அது இன்னும் நேராக நின்றது.

பலகாரத் தட்டோடு உள்ளேயிருந்து வந்த மதலேன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“தினமும் இதுலதான் நடப்பீங்களா?”

“இல்ல. கோல் இருக்கு.”

“எங்க?”

“விழுப்புரத்துல.”

“ஏரி உடைஞ்சப்ப கரை முழுக்க நடந்து அளந்தாருன்னு உங்க மாமா சொன்னாரே. அது எதுல நடந்தீங்க?”

“கோல்லதான்.”

“ஏரிக்கரைக்கு ஆவற கோலு எங்க கூடத்துக்கு ஆவாதா? அதை எடுத்துக்கினு வந்திருந்தா எங்கப்பா தரை நல்லா இருந்திருக்கும்.”

சவரிராயன் தரையில் குந்தி, குழியின் ஆழத்தை விரலால் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு கால் இல்லை என்பது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. “ஒரு அங்குலம் போயிருக்கு,” என்றார், துக்க வீட்டுக் குரலில்.

“கால் இல்லாதது இருக்கட்டும்,” என்றார் அத்தை. “நேர்ச்சைன்னு பொய் சொன்னதுக்குச் சாமியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்.” மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

காலைத் துண்டில் சுற்றி மாமா கையில் எடுத்துக்கொள்ள, நான் அவர் தோளைப் பிடித்துத் தத்தித் தத்தி நடக்க, ஸ்டேஷன் வந்து சேர்ந்தோம். விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

சம்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்து, ஒரு செய்தியும் எழுத ஓடாமல் எட்டு நாள் கிடந்தேன். ஒன்பதாம் நாள் சவரிராயனிடமிருந்து கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவும், தரை காய்ந்துவிட்டது, கோலோடு வரவும் என்று எழுதியிருந்தார். அடியில் வேறு கையெழுத்தில், கட்டைக்காலைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பப்படும் என்று ஒரு வரி. அந்தக் கையெழுத்தைப் பிறகு வாழ்நாள் முழுக்க மளிகைச் சீட்டுகளில் பார்த்தேன்.

போனேன். கோலை ஊன்றி, ஒற்றைப் பூட்ஸைக் கழற்றி விட்டு, அரை நிமிஷத்தில் உள்ளே போய் உட்கார்ந்தேன். பயிற்சியே வேண்டியிருக்கவில்லை.

ஆசாரி சொன்னது பொய்யில்லை. அந்தக் கால் இப்போது எங்கள் மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது; பூட்ஸ் கழலவில்லை. கூடத்துக் குழியை மட்டும் கொத்தனார் அடைக்க வந்தபோது மதலேன் விடவில்லையாம். சிவப்புத் தரையில் ஒரு பூட்ஸ் தடம், அதற்குள் பதினோரு ஆணிப் புள்ளி. எண்ணிப் பார்த்திருக்கிறேன், சரியாக இருக்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் அதில் தண்ணீர் விட்டுக் கப்பல் விடுவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் அத்தை சொல்வார்: “ஊருல எல்லாரும் வலது காலை எடுத்து வச்சு வருவாங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை மட்டும்தான் இல்லாத காலை எடுத்து வச்சு வந்தவரு.”