மருந்துக்காரியின் பவர் சப்ளை

கோட்டைக் கதவு உடைந்த அதே விநாடியில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. அன்றைக்கு இது மூன்றாவது முறை.

மெயில் பார்த்தால் அணையாது. மூன்று மணி நேரம் படம் ஓடினாலும் அணையாது. விளையாட்டில் சண்டை சூடுபிடித்தால் மட்டும் அணையும். மருந்துக்காரி தேவைப்படுவதே அப்போதுதான்.

மருந்துக்காரி என்பது விளையாட்டில் வெண்ணிலா வைத்துக்கொண்ட பெயர். அணியில் ஐந்து பேர். ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம். மற்ற நால்வரும் சண்டை போடுவார்கள், அடிபட்டவர்களுக்கு இவள் மருந்து போடுவாள். மைக்கில் பேசமாட்டாள், தட்டச்சு மட்டும்தான். எட்டு மாதத்துக்கு முன்பு ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவள் கணவன் சந்திரசேகர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பெயரில் தட்டினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. உலகத்தில் நான்கு பேருக்கு மட்டும் வெண்ணிலா இன்னும் உயிரோடு இருந்தாள். அந்த நான்கு பேரையும் இழக்க அவனுக்கு மனமில்லை.

மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆடாதவர்களை விளையாட்டே அணியிலிருந்து நீக்கிவிடும். பாதியில் போனாலும் ஆடாத கணக்குதான். இது இரண்டாவது ஞாயிறு.

ஏரிக்கரை லாட்ஜில் அவன் வரவேற்பு மேலாளர். அங்கே எலக்ட்ரீஷியன் முருகேசன். கேட்ட மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிட்டான்.

"ஓல்டேஜுதானுங்க சார். மழைக்காலத்துல மலைமேல கரண்டு இப்படித்தான் மூச்சு வாங்கும்."

லாட்ஜ் சமையல்கட்டு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி வந்து மாட்டினான். அதற்குப் பிறகு சண்டை வரைக்கும் போகவே முடியவில்லை. ஸ்டெபிலைசர் 'டக்' என்றபோதெல்லாம் கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தது. லாட்ஜில் பதினெட்டு லிட்டர் பால் திரிந்தது.

"அப்படின்னா உள்ள இருக்கற டப்பாவேதானுங்க போச்சு" என்றான் முருகேசன். டப்பா என்றால் பவர் சப்ளை. இந்த முறை அவன் சொன்னது சரி.

சந்திரசேகர் சேலத்துக்கு இறங்கினான். கடைக்காரர் ஒரு பெட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தார். "வாட்டு பாக்காதீங்க, வெயிட்டு பாருங்க" என்றார். கருங்கல் போலக் கனத்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்து மாட்டினான். இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை.

முருகேசன் அதைப் பிரித்தான். உள்ளே கனத்துக்காக ஓர் இரும்புத் துண்டு முடுக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக் காற்றில் அடிக்கும் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். அந்தப் பெட்டியில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் சந்திரசேகர் வெண்ணிலாவின் போனை எடுத்து அணியின் குழுவில் கேட்டான்: "பவர் சப்ளை போச்சு. எது வாங்கலாம்?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு ஸ்குரூவாகத் தன் கையால் பூட்டியவள் வெண்ணிலா. அந்த நால்வருக்கும் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அவசரமாகச் சேர்த்தான்: "கையில் சுளுக்கு. வீட்டுக்காரர்தான் மாட்டணும். அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஆஷ்லின் என்ற பெண் பதில் போட்டாள். சேலத்தில் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வாட்டை நம்பக் கூடாது, பத்து வருட உத்தரவாதம் கொடுக்கிற கம்பெனியை நம்பலாம் என்றாள். தேவைக்கு மேல் இருநூறு வாட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். முக்கியமாக, பழைய வயர்களைப் புதியதில் சொருகக் கூடாது, பின்கள் மாறியிருந்தால் எல்லாம் கருகிவிடும். கடைசியாக எழுதியிருந்தாள்:

"ஆனா வேணாங்கக்கா. அண்ணன் கையில ஸ்குரூ டிரைவர் குடுக்காதீங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. ஒரு மிக்ஸியப் பிரிச்சு, மூடறதுக்குள்ள ரெண்டு மிக்ஸி வாங்குனவராச்சே. சனிக்கிழமை நானே வாங்கிட்டு வர்றேன்."

அவன் அதை நான்கு தடவை படித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு வெண்ணிலா அவனைக் கிண்டல் செய்திருந்தாள்.

பிறகுதான் பயம் வந்தது. சனிக்கிழமை ஒருத்தி வீட்டுக்கே வரப்போகிறாள். பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்குக் கல்யாணத்துக்குப் போவதாகவும், வீட்டுக்காரர் இருப்பார் என்றும் மருந்துக்காரியின் பெயரில் எழுதினான்.

சனிக்கிழமை காலையில் மாலை போட்ட படத்தைக் கழற்றி பீரோவில் வைத்தான். வெண்ணிலாவின் செருப்பை வாசலில் விட்டான். டம்ளரில் இன்னொரு பிரஷ்ஷைப் போட்டான். அவள் நைட்டி ஒன்றை நனைத்துக் கொடியில் காயப்போட்டான். பக்கத்துக் களத்தில் காபிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த காளியாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருது சாமி அது?"

"வெண்ணிலாதுங்க."

"அவ எங்க கண்ணு?"

காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வாய். "மஞ்சக்குட்டைக்குப் போயிருக்காங்க" என்றுவிட்டான்.

காளியாயி கொட்டை கிளறும் துடுப்புக்கட்டையைக் கீழே வைத்தாள். சேர்வராயன் கோயில் விபூதியோடு வந்து அவன் நெற்றி முழுக்கப் பூசினாள். வாயிலும் கொஞ்சம் போட்டாள். அவனைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை எப்படிக் கிளப்புவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆஷ்லின் வந்துவிட்டாள். வழி கேட்டு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"நீ யாரு கண்ணு?"

"வெண்ணிலா அக்கா ஃபிரண்டுங்க."

காளியாயி குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்டயும் மஞ்சக்குட்டைன்னு சொன்னானா?"



"ஆமாங்க. கல்யாணத்துக்கு" என்றாள் ஆஷ்லின், முகம் மாறாமல்.

காளியாயி அவளையும் ஒரு கணம் பார்த்தாள். அவள் நெற்றியிலும் விபூதியைப் பூசிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனாள்.

ஆஷ்லின் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே வயர்களை வெண்ணிலா பச்சை ரிப்பனால் கட்டியிருந்தாள். ஜடையில் வைத்துக்கொள்ளும் ரிப்பன். ஏழு முடிச்சு.

"அந்த வயர மட்டும் அப்படியே விட்டுருங்க" என்றான்.

"விட்டா எல்லாம் கருகிருமுங்கண்ணா."

"தெரியுமுங்க."

தெரிந்தும் அவன் கை குறுக்கே நின்றது. ஆஷ்லின் அவசரப்படுத்தவில்லை. சன்னலில் பனி வந்து, போனது. கடைசியில் அவனே கையை எடுத்தான்.

அவள் ரிப்பனை வெட்டவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். புதிய வயர்களை மாட்டி, இருந்த இடங்களிலேயே ஏழையும் மறுபடி கட்டினாள். ஒரு முடிச்சில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. அதையும் சேர்த்தே கட்டினாள்.

சோதனைக்கு ஓர் ஆட்டம் போட்டார்கள். கோட்டைக் கதவு உடைந்தது. நூறு பேர் உள்ளே பாய்ந்தார்கள். மின்விசிறி இரைந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. சந்திரசேகர் யாருக்கெல்லாமோ மருந்து போட்டான், அதில் பாதி எதிரிகளுக்கு.

சாயங்காலப் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். அவன் வாசல்வரை வந்து, மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னான். "வெண்ணிலா வந்ததும் சொல்றேனுங்க. நொம்ப சந்தோஷப்படுவா."

ஆஷ்லின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்காவ எடுத்த அன்னிக்கு நாங்க நாலு பேரும் இந்த ரோட்டுலதான் நின்னோமுங்கண்ணா. நீங்க மருந்து போட ஆரம்பிச்சதுலருந்து ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கல, இருந்தாலும் நாளைக்கு மூணு மணிக்கு வந்துருங்க."