தாழம்புதருக்கு அரசு மரியாதை

பூமி சூடாவதைத் தடுத்து நிறுத்தும் மகத்தான பணி, குற்றாலத்துக்குக் கீழே அஃப்ரின் வீட்டுக் கொல்லையில், ஒரு செவ்வாய்க்கிழமை டீ குடித்த கையோடு தொடங்கியது.

மனு கொடுத்தவளே பதினொன்றாம் வகுப்பு அஃப்ரின்தான். மலையில் இப்போதெல்லாம் மழை சாரலாக வருவதில்லை, ஒரேயடியாகக் கொட்டுகிறது. கொல்லையில் ஓடும் ஓடை கரையை அரித்து, அடுப்படிச் சுவருக்கு மூன்று முழத்தில் வந்து நின்றது. மிச்சக் கரையைப் பிடித்திருந்தது ஒரு தாழம்புதர். 'இதைப்போல் இன்னும் கொஞ்சம் நட்டுத் தந்தால் பயமில்லாமல் தூங்குவோம்' என்று எழுதியிருந்தாள்.

திட்ட அலுவலர் ஆவுடைநாயகம் நேரிலேயே வந்தார். என்ன பெருந்தன்மை!

"இதுக்குப் பேருதாம்மா 'இயற்கை சார்ந்த தீர்வு'. சிமெண்டு கெடையாது, கம்பி கெடையாது. ஐநூறு தாழங்கன்னு!"

அஃப்ரினுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஃபாரத்துல 'திட்டத்துக்கு முன்'னு ஒரு போட்டோ ஒட்டணும். வெறுந்தரையா இருக்கணும். இங்கன ஏற்கெனவே தாழை நிக்குதே?"

"அது நிக்கப் போயித்தான் சார் வீடு நிக்குது."

"தீர்வு முன்னாடியே இருந்தா, பெறவு நாங்க எதைத் தீர்க்க?"

பொக்லைன் வந்தது. அரை மணி நேரத்தில் தாழை வேரோடு கிளம்பியது. போட்டோ பிரமாதமாக விழுந்தது.

"கன்னு எப்ப சார் வரும்?"

"நடுவிழாவுக்குப் பெரியவுக தேதி தரணும்லா."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"மழைக்கு நாங்க ஆர்டர் போட முடியுமா பிள்ள?" என்றார், நியாயமாக.

"ஏட்டி, ஒன்ன யாரு மனு எழுதச் சொன்னா?" என்று உம்மா மாஜிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அஃப்ரின் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முழம் போட்டாள். இரண்டரை. இரண்டு. ஒன்றே கால். அதற்குப்பின் அளப்பதை விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் மலை கறுத்தது. ஓடைக்கு எந்தப் பெரியவரும் தேதி தர வேண்டியிருக்கவில்லை. உம்மா கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே அடுப்படி, சுவரும் கூரையுமாக, தண்ணீரில் இறங்கியது.

மறுநாள் ஆவுடைநாயகம் குடையோடு வந்தார். இடத்தைப் பார்த்தார். 'ப்ச்' கொட்டினார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா."

"எதுக்கு சார்?"

"திட்டம்னா 'மக்கள் பங்களிப்பு' இருக்கணும்லா. அந்தக் கட்டம் மட்டும் காலியாக் கெடந்துச்சு. இப்ப நெறைஞ்சுட்டு."

அஃப்ரின் வாசித்தாள். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது:

'அடுப்படி: ஒன்று. மனமுவந்து அளித்தவர்: செல்வி அஃப்ரின்.'