மேகத்துக்குள் ஒரு கைதட்டல்

பெண் கேட்கப் போகிறவன், பெண்ணின் தகப்பனுக்கு எது உயிர் என்று முதலில் விசாரிக்க வேண்டும். சுகந்தியின் அப்பாவுக்கு உயிர் ஒரு விமானக் கம்பனி. பிராங்பேர்ட்டில் அதன் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுவதுதான் அவர் வேலை. (வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அதன் கலண்டர்!)

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். என்னை நோட்டம் பார்க்க, ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்கு அந்தக் கம்பனி விமானத்திலேயே குடும்பத்தோடு கூட்டிப்போனார். "திரும்பி வந்து முடிவு சொல்லுறன்" என்றார்.

விடுவேனா? கம்பனியின் வரலாற்றை முழுதாகப் பாடமாக்கி, விமானம் கிளம்பியதும் அவிழ்த்துவிட்டேன்.

"அங்கிள், இவையள் முதல்ல விடுமுறைப் பயணம்தான் வித்தவை. பிறகு தங்கட பயணிகளைக் கொண்டுபோகத் தாங்களே பழைய பிளேன் வாங்கிச்சினம்."

"ஓம் தம்பி. பக்டரிச் சனத்துக்கும் கடலைக் காட்டினது இவையள்தான்."

உண்மையிலேயே பெரிய காரியம்தான். வசதியானவர்கள் மட்டும் பறந்த காலத்தில், கட்டிலையும் சாப்பாட்டையும் பறப்பையும் ஒரே விலையில் சேர்த்துக் கொடுத்து, பட்டறைக்காரனையும் கடற்கரை மணலில் படுக்க வைத்தார்கள். பிறகு கம்பனி கைமாறியது, பெயர் மாறியது, விமானங்களின் வால் நிறமும் மாறியது. பறப்பதை மட்டும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது.

"தரை தொட்டதும் எல்லாரும் கைதட்டுவினம் அங்கிள். இந்தப் பிளேன்களில அது வழக்கம்."

"எப்ப எண்டு நீர் சொல்லும்."

மேகத்துக்குள் இறங்கும்போது காலடியில் 'தடார்' என்றது. வந்துவிட்டோம்!

"தட்டுங்கோ அங்கிள்!"

தட்டினோம். எங்களைப் பார்த்துப் பின்வரிசை தட்டியது, பிறகு விமானம் முழுவதும். (ஜெர்மன்காரர் ஒழுங்கானவர்கள், ஒருவர் தொடங்கினால் போதும்.)

பணிப்பெண் ஒலிபெருக்கியில் சொன்னாள்: "மிக்க நன்றி. இப்போது சக்கரம்தான் வெளியே வந்திருக்கிறது. நாம் இன்னும் வானத்தில் இருக்கிறோம்."

விமானமே விழுந்து விழுந்து சிரித்தது. (சொல்லக்கூடாத இடம்தான்.) சுகந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐயோ, கல்யாணம் போச்சு!

"தம்பி, நீர் இதில எத்தினை தரம் பறந்திருக்கிறீர்?"

"இதுதான் முதல்தரம், அங்கிள்."

அவர் என் காதருகே குனிந்தார். "எனக்கும்தான். இவ்வளவு காலமும் கீழ நிண்டு பெட்டிதானே ஏத்தினனான்."

சக்கரம் நிஜமாகவே தரையைத் தொட்டபோது ஒருவரும் தட்டவில்லை. சனம் ஏற்கெனவே தட்டி முடித்திருந்தது.

"இப்பவோ?" என்றார்.

"ஓம் அங்கிள்."

நாங்கள் இருவர் மட்டும் தட்டினோம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெட்டி வரும் இடத்தில் என் பெட்டியைத் தானே தூக்கித் தந்தார். "இனி மாமா எண்டு கூப்பிடும்."

இன்றைக்கும் எங்கள் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "சோதனை நல்லாச் செய்தனான்" என்று சொன்னால், நான் தட்டக் கையைத் தூக்குவதற்குள் மாமா கத்துவார்:

"பொறும் மருமோன், சக்கரம்தான் வெளியில வந்திருக்கு!"